அடுத்தவன் இன்ஜின்

சிரில் டிரான்டர் வீட்டின் முன்னறையில் சோபா கிடையாது. சோபா இருக்க வேண்டிய இடத்தில், ஜன்னலோரமாக, வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் 1934-ஆம் வருடத்து ஸ்டான்வே மோட்டார் சைக்கிள் நிற்கும். வருகிறவர்கள் சமையலறையில் உட்கார வேண்டியதுதான். பாதிரியார் வந்தாலும் சமையலறைதான். கிறிஸ்துமஸ் மரம் வைக்கும்போது மட்டும் வண்டி ஒரு முழம் பின்னால் தள்ளப்படும். அப்போதும் மரத்திலிருந்து ஏதாவது உதிர்ந்து விழுந்துவிடுமோ என்று வண்டிக்குக் கம்பளி போர்த்தப்படும். மனைவி மேவிஸுக்கு ஜலதோஷம் வந்தால் தேடப்படுவதும் அதே கம்பளிதான். ஆனால் அது இரண்டாம் பட்சம்.

மேவிஸிடம் பக்கத்து வீட்டுப் பெண்கள் துக்கம் விசாரிப்பதுபோல இதைப் பற்றிக் கேட்பதுண்டு.

"அது பாட்டுக்கு நிக்குது. குடிக்காது, குறட்டை விடாது, டிவி பாக்கும்போது சேனலை மாத்தாது. அவர் அண்ணன் வந்து தங்கினதுக்கு இது எவ்வளவோ தேவலை" என்பார் மேவிஸ்.

மற்ற வண்டிகள் கொல்லைப்புறக் கொட்டகையில் இருந்தன. நார்ட்டன், வெலோசெட், ரட்ஜ், பி.எஸ்.ஏ. என்று ஒன்பதோ பத்தோ, எல்லாம் போருக்கு முந்தியவை. ஹிட்லர் போலந்துக்குள் நுழைந்த பிறகு செய்த எதையும் சிரில் வண்டி என்று ஒப்புக்கொள்வதில்லை. ஒவ்வொன்றையும் துருப்பிடித்த இரும்புக் குவியலாக வாங்கி, வருடக்கணக்கில் உட்கார்ந்து, நட்டு நட்டாகக் கழற்றி, முலாம் பூசி, பொன்கோடு இழுத்து, தொழிற்சாலையிலிருந்து அன்றைக்குத்தான் உருட்டிக்கொண்டு வந்ததுபோல ஆக்கிவைத்திருந்தார். சக்கரக் கம்பிகளைத் துடைப்பதற்கென்றே பல் துலக்கும் பிரஷ்கள் வைத்திருந்தார். அவற்றில் ஒன்றை மகள் விருந்துக்கு வந்திருந்தபோது தெரியாமல் எடுத்துப் பல் துலக்கிவிட்டாள். வெகுநாள் அவர் அதை மன்னிக்கவில்லை.

இந்த வண்டிகள் ஓடுமா என்று யாராவது கேட்டால் அவருக்குச் சுருக்கென்று கோபம் வரும். ஓடும். ஆனால் அவர் ஓட்டமாட்டார். சாலையில் சேறு இருக்கிறது, மழை இருக்கிறது, மற்ற மனிதர்கள் இருக்கிறார்கள். மாதம் ஒருமுறை ஒவ்வொன்றையும் உதைத்துக் கிளப்பி, கொஞ்ச நேரம் உறுமவிட்டு, அணைத்து, சைலன்சரைத் துடைத்து வைப்பார். கண்காட்சிக்குப் போவதென்றால் வேனில் ஏற்றி, நான்கு பக்கமும் கட்டி, முட்டைக்கூடை கொண்டுபோகிற மாதிரி ஓட்டிப் போவார்.

அவர் வேலை பார்த்தது வில்லன்ஹாலில் ஒரு பூட்டுத் தொழிற்சாலையில். பதினைந்து வயதில் உள்ளே போனவர், தலை நரைத்த பிறகு வெளியே வந்தார். ஒரு பூட்டுக்கு அதன் சாவிதான் பொருந்த வேண்டும், இன்னொன்று பொருந்தினால் அது பூட்டே இல்லை என்ற நம்பிக்கை அவருக்கு எலும்பில் ஊறியது. அதனால்தான் முன்னறையில் நின்ற ஸ்டான்வே அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த வண்டியில் இருந்தது அந்த வண்டியின் இன்ஜின் இல்லை.

விஷயம் இதுதான். ஸ்டான்வே கம்பெனியில் ஒவ்வொரு வண்டிக்கும் ஓர் எண் உண்டு. அதே எண்ணை ஃபிரேமின் கழுத்திலும் குத்துவார்கள், இன்ஜினின் வயிற்றிலும் குத்துவார்கள். சிரிலின் ஃபிரேமில் ஓர் எண் இருந்தது, இன்ஜினில் வேறோர் எண் இருந்தது. அவருடைய ஃபிரேமுக்கு உரிய இன்ஜின் உலகத்தில் எங்கே இருக்கிறது என்பதும் அவருக்கு நன்றாகத் தெரியும். டட்லி சாலையில் இரண்டு மைல் தள்ளி, டெஸ்மண்ட் பார்ஜெட்டர் என்ற குழாய்க்காரரின் வண்டியில் இருந்தது. டெஸ்ஸின் ஃபிரேமுக்கு உரிய இன்ஜின் சிரிலின் முன்னறையில் இருந்தது.

இதைச் செய்தது வேறு யாருமில்லை, அவர்களேதான். இளவயதில் இருவரும் ஒட்டிப் பிறந்தவர்கள் மாதிரி திரிந்தவர்கள். டிப்டனில் ஒரு நிலக்கரி வியாபாரியின் கிடங்கில் கரிக்கு அடியில் ஒரே மாதிரி இரண்டு ஸ்டான்வே கிடப்பதாகக் கேள்விப்பட்டு, ஆளுக்கொன்று வாங்கி, சிரிலின் கொட்டகையில் போட்டுப் பிரித்தார்கள். எந்த இன்ஜின் எவனுடையது என்று சிரில் சாக்பீஸால் எழுதிவைத்தார். டெஸ் அந்த இரண்டு இன்ஜின் கூடுகளையும் தூக்கிக்கொண்டு போய்ச் சுத்தம் செய்ய ஆசிட் தொட்டியில் முக்கினார். ஆசிட்டில் போட்டால் சாக்பீஸ் என்ன ஆகும் என்று இரண்டு பேருமே யோசிக்கவில்லை. வெளியே எடுத்தபோது இரண்டும் இரட்டைக் குழந்தைகள் மாதிரி வெள்ளைவெளேரென்று இருந்தன. இது உனது, இது எனது என்று கண்மதிப்பில் ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் எண்ணையெல்லாம் யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

சில வருடம் கழித்து எண் பார்க்கிற பழக்கம் பழைய வண்டிக்காரர் சங்கத்துக்குள் வந்தது. சங்கத்து ஆள் ஒருவர் டார்ச்சோடு வந்து, இருவர் வண்டிக்கும் கீழே மல்லாந்து படுத்துப் பார்த்துவிட்டு, எழுந்து கால்சட்டையைத் தட்டிக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். அதற்குள் இருவரும் தங்களிடம் இருந்த இன்ஜினை வருடக்கணக்கில் உழைத்துப் புதுப்பித்திருந்தார்கள். மாற்றிக்கொண்டால் இரண்டு மூன்று நாள் வேலைதான். ஆனால் மாற்றிக்கொண்டால் சிரில் பட்ட பாடு டெஸ்ஸுக்குப் போகும், டெஸ் செய்த வேலை சிரிலுக்கு வரும்.

"அவன் வேலையை நான் வாங்கிக்கணுமா? அவன் குழாய்க்காரன். ஒழுகினா சாக்கைச் சுத்துறவன்" என்றார் சிரில்.

இதை அவர் சொன்னது சங்கம் கூடுகிற பப்பில், புதன்கிழமை, எல்லோரும் கேட்கும்படி. டெஸ் தன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "சாக்பீஸால எழுதினவன் முதல்ல தப்புன்னு சொல்லட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். பாராமல் முக்கினவன் முதலில் சொல்லட்டும் என்றார் சிரில். அத்தோடு பேச்சு நின்றது.

முழுக்க நின்றது என்று சொல்ல முடியாது. புதன்கிழமை தோறும் பப்பில் எதிர்ப்பட்டால் ஒரு பரிமாற்றம் உண்டு.

"என் இன்ஜின் எப்படிடா இருக்கு? இன்னும் உடைக்கலையா?"

"நல்லா இருக்கான். போன கோடையில ஸ்காட்லாந்து கூட்டிட்டுப் போனேன், மலையெல்லாம் பாத்தான். என்னோடது எப்படி? இன்னும் ஜன்னல் வழியா தெருவை வேடிக்கை பாத்துக்கிட்டு இருக்கா?"

இதற்குமேல் ஒரு வார்த்தை கிடையாது. முப்பது வருடத்துக்கு மேல் இப்படியே ஓடியது. டெஸ்ஸின் மனைவி இறந்தபோது சிரில் கல்லறைக்குப் போய், கடைசி வரிசையில் நின்று, யார் கண்ணிலும் படவில்லை என்ற நினைப்பில் திரும்பி வந்துவிட்டார். அன்றைக்கு அவர் இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை என்பது மேவிஸுக்குத் தெரியும்.

சங்கத்தில் பில்சன் கோப்பை என்று ஒன்று உண்டு. பார்க்கத் தகரம் மாதிரி இருக்கும் வெள்ளிக் கோப்பை, ஒரு காது வளைந்திருக்கும். எங்கள் பக்கத்துப் பழைய வண்டிக்காரர்களுக்கு அதற்குமேல் ஒன்று இல்லை. அதற்கு இரண்டு நிபந்தனைகள். ஃபிரேமும் இன்ஜினும் ஒன்றாகப் பிறந்தவையாக இருக்க வேண்டும். வண்டியின் எந்தப் பாகமானாலும் அதைக் கடைசியாகப் பிரித்துக் கோத்தது உரிமையாளரின் சொந்தக் கையாக இருக்க வேண்டும். சிரிலின் மற்ற வண்டிகளில் எல்லாம் ஃபிரேமோ இன்ஜினோ வேறிடத்திலிருந்து வந்தது. பில்சன் கோப்பைக்கு லாயக்கானது ஸ்டான்வே ஒன்றுதான், அதன் இன்ஜின் மட்டும் டெஸ்ஸிடம். மற்ற கோப்பைகளெல்லாம் அலமாரி நிறைய இருந்தன. இது மட்டும் இல்லாமல் தான் செத்துப்போகக்கூடும் என்ற எண்ணம் எழுபது தாண்டிய பிறகு அவருக்கு அடிக்கடி வந்தது.

இப்படியிருக்கும்போது ஒருநாள் மேவிஸ் கறிக்கடையிலிருந்து வந்து பையைக்கூட இறக்கிவைக்காமல் சொன்னார்.

"டெஸ் வீட்டு வாசல்ல 'விற்பனைக்கு'ன்னு போர்டு வச்சிருக்கு. முட்டி சுத்தமாப் போயிடுச்சாம். லாண்டட்னோவுல மகளோட போய் இருக்கப்போறாராம்."

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணுமில்ல. மாடி ஃபிளாட்டு. வண்டியெல்லாம் ஏலத்துக்குப் போகுது. உன் இன்ஜினும் போகுதுன்னு சொல்ல வந்தேன்."

சிரில் செய்தித்தாளை மடித்தார். விரித்தார். கொட்டகைக்குப் போய், ஏற்கெனவே பளபளத்த ஒரு சைலன்சரைத் துடைத்தார். இந்த மாதிரி இரண்டு நாள் போனது.

"போய் ஒரு வார்த்தை தப்புன்னு சொன்னா வாய் வெந்துபோயிடுமா?" என்றார் மேவிஸ்.

"அவன் சொல்லட்டும்."

"சரி. ஜப்பான்காரன் எவனாவது வாங்கிட்டுப் போவான். அவன்கிட்டப் போய் 'நீ சொல்லு'ன்னு கேளு."

சிரில் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

டெஸ் வண்டிக்கொட்டகையில் ஒரு கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் அட்டைப்பெட்டிகள். நடுவில் அவருடைய ஸ்டான்வே நின்றது. சேறும் எண்ணெயும் காய்ந்து, டேங்கில் பெயின்ட் உதிர்ந்து, ஊர் ஊராகச் சுற்றிய களைப்போடு இருந்தது. அந்த அழுக்கைப் பார்த்ததுமே சிரிலுக்குக் கை துறுதுறுத்தது.

"உள்ள வா. காலைத் துடைக்க வேணாம், இது உன் வீடு இல்ல" என்றார் டெஸ். "என்ன விஷயம்?"

"உனக்கே தெரியும்."

"தெரியும். உன் வாயால கேக்கணும்."

சிரில் கூரையைப் பார்த்தார். ஒரு சிலந்தியைப் பார்த்தார். "சாக்பீஸால எழுதினது... அவ்வளவு சரியில்ல."

"அவ்வளவு சரியில்லையா?"

"தப்பு. போதுமாடா?"

"போதாது. ஆனா முட்டி உயிர் போகுது, உன்னோட மல்லுக்கு நிக்க முடியாது." டெஸ் முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். "நானும் முக்கறதுக்கு முன்னாடி குனிஞ்சு நம்பரைப் பாத்திருக்கலாம். பாக்கல. கெட்டிலைப் போடு."

அவ்வளவுதான். முப்பது வருடத்து வழக்கு தண்ணீர் கொதிப்பதற்குள் தீர்ந்துபோனது. சிரிலுக்கு இது கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது. இன்னும் கொஞ்சம் பெரிதாக ஏதாவது நடக்கும் என்று எதிர்பார்த்திருந்தார்.

அந்த வாரமே டெஸ்ஸின் வண்டியை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். முன்னறையிலிருந்து சிரிலின் வண்டி கொல்லைப்புறத்துக்குப் போனது. அது வாசற்படி தாண்டியதும் மேவிஸ் இஞ்சு டேப்பை எடுத்து ஜன்னலோரத்தை அளந்தார். 

இரண்டு கிழவர்களும் இரண்டு இன்ஜின்களையும் இறக்கி, பெஞ்சின்மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். ஒன்று வெள்ளிப் பாத்திரம்போல மின்னியது. மற்றது அடுப்பங்கரையிலிருந்து தூக்கி வந்ததுபோல் இருந்தது. டெஸ் வாளியில் உட்கார்ந்து யோசனை சொன்னார், சிரில் அதைக் கேட்காமல் வேலை செய்தார். ஸ்பேனரை எடுத்த இடத்தில் வைக்கவில்லை என்று சிரில் கத்தினார். ஸ்பேனருக்குத் தொட்டில் கட்டிப் போடுகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று டெஸ் கத்தினார். மேவிஸ் பட்டாணியும் இறைச்சி உருண்டையும் சமைத்து, தட்டைக் கொட்டகைக்கே அனுப்பினார்.

மாற்றி முடித்து, கடைசி போல்ட்டை முறுக்கும்போது டெஸ் கேட்டார்.

"நான் ஊருக்குப் போனதும் மொத்தத்தையும் பிரிச்சிடுவே, இல்ல?"

"பின்ன? உன் கை வச்சதை அப்படியே விட்டா கோப்பை எப்படிக் கிடைக்கும்? கோப்பையை விடு. நீ முறுக்கின நட்டை நம்பிப் பக்கத்துல நிக்க எனக்கு என்ன பைத்தியமா?"

டெஸ் பதிலுக்கு ஏதாவது சொல்வார் என்று சிரில் காத்திருந்தார். வழக்கமாகச் சொல்வார். "பிரிக்கிறதுன்னா மெதுவாப் பிரி" என்றதோடு டெஸ் நிறுத்திக்கொண்டார்.

டெஸ் லாண்டட்னோவுக்குப் போனார். தன் இன்ஜினோடு முழுசாகிவிட்ட அவருடைய வண்டியை ஏலத்தில் ஹாலந்துக்காரப் பல் டாக்டர் ஒருவர் எடுத்துக்கொண்டு போனார். சங்கத்து ஆள் மறுபடி டார்ச்சோடு வந்து, சிரிலின் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, இரண்டு எண்களையும் உரக்கப் படித்தார். இரண்டும் ஒன்றுதான். சிரில் அவரை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

இனி பாக்கி இருந்தது ஒன்றுதான். இன்ஜினைப் பிரித்து, டெஸ்ஸின் வேலையைக் களைந்துவிட்டுத் தன் கையால் கோக்க வேண்டும். ஆகஸ்ட் கண்காட்சிக்கு நிறைய நாள் இருந்தது. ஒரு மத்தியானம் கொட்டகையில் ரேடியோவில் கிரிக்கெட்டைப் போட்டுவிட்டு, டேங்கை இறக்கி வெளியே வைத்து, இன்ஜினின் தலையைக் கழற்றினார். வாயில் ஒரு கிண்டல் தயாராக இருந்தது. கேட்க ஆள் இல்லாவிட்டாலும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தார்.

தலையைத் தூக்கியவர் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

வெளியே அடுப்பங்கரைப் பாத்திரமாக இருந்த இன்ஜின் உள்ளே கண்ணாடியாக இருந்தது. காற்று உள்ளே போகும் வழியையும் புகை வெளியேறும் வழியையும் உப்புத்தாள் போட்டு, பிறகு துணி போட்டு, பிறகு விரலாலேயே தேய்த்திருக்க வேண்டும். யாரும் பார்க்கப்போகாத இடம். இன்ஜின் உயிரோடு இருக்கும்வரை இருட்டிலேயே இருக்கப்போகிற இடம். அதைவிடப் பெரிது பிஸ்டன். அதன் தலையில் ஸ்டான்வே முத்திரை இருந்தது. கம்பெனியே செய்த அசல் பிஸ்டன். ஒன்றாவது கிடைக்காதா என்று சிரில் வருடக்கணக்கில் சங்கப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்துப் பார்த்து, இங்கிலாந்திலேயே இல்லை என்று கைவிட்ட சாமான். டெஸ் அந்தப் பத்திரிகையை அட்டை முதல் அட்டை வரை படிக்கிறவர்.

இன்னொன்றும் புரிந்தது. ஸ்காட்லாந்து வரை போய்வந்த இன்ஜின் என்றால் பிஸ்டன் தலை கரிச்சட்டி மாதிரி கறுத்திருக்க வேண்டும். இதில் கரியே இல்லை. அப்படியானால் ஸ்காட்லாந்துக்குப் பிறகுதான் டெஸ் பிஸ்டனை மாற்றியிருக்கிறான். முட்டி போன பிறகு. இனி தான் ஓட்டப்போவதில்லை என்று தெரிந்த பிறகு. அதாவது, சிரில் தொப்பியைப் போட்டுக்கொண்டு அவன் வாசலுக்குப் போவதற்கு முன்பே.

மேவிஸ் டீயோடு வந்தபோது சிரில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன ஆச்சு? உடைஞ்சுபோச்சா?"

"இல்ல."

"பின்ன ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு மேவிஸ். ரொம்ப நல்லா இருக்கு."

"அதுக்கா அழுறே?"

"அழல. பெட்ரோல் நெடி."

"டேங்கைத்தான் கழட்டி வெளிய வச்சிருக்கியே" என்றார் மேவிஸ்.

சிரில் இன்ஜின் தலையைப் பெஞ்சில் வைத்தார். பிறகு, "அவன் இன்ஜினுக்குள்ள நான் என்ன போட்டிருந்தேன் தெரியுமா?" என்று கேட்டார்.

"என்ன?"

"கான்கிரீட் கலக்குற மெஷினோட பிஸ்டன். கடைஞ்சு அளவுக்குக் கொண்டுவந்தேன். அப்ப வேற கிடைக்கல. வெளியே தெரியாதுன்னு விட்டுட்டேன். அவன் இன்ஜின்னு தெரிஞ்ச பிறகும் விட்டுட்டேன். வெளியத்தான் தேய்ச்சேன், மேவிஸ். இத்தனை வருஷமா வெளியவே தேய்ச்சுக்கிட்டு இருந்திருக்கேன்."

அவருக்கு வெட்கமாக இருந்தது. பப்பில் எல்லோரும் கேட்கும்படி சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் இப்போது வரிசையாக வந்து எதிரே நின்றது. மேவிஸ் டீயைப் பெஞ்சில் வைத்து, "ஆறிடும்" என்றார்.

சிரில் ஸ்பேனரை எடுத்தார். சட்டம் என்னவோ அவர் பக்கம்தான் இருந்தது. மிச்சத்தையும் பிரித்து, அதே சாமான்களை அதே இடத்தில் திரும்பக் கோத்துவிட்டால் போதும். வேலை அவருடையதாகிவிடும், கோப்பையும் அவருடையதாகிவிடும். ஸ்பேனரை ஒரு நட்டில் பொருத்தினார். அந்த நட்டு எவ்வளவு இறுக்கம் இருக்க வேண்டுமோ அவ்வளவு இறுக்கமாக இருந்தது. அதைத் தளர்த்திவிட்டு மறுபடி அதே இறுக்கத்துக்கு முறுக்கி, இது நான் செய்தது என்று சொல்ல வேண்டும். டீ நன்றாக ஆறிப்போகும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு ஸ்பேனரை எடுத்துவிட்டு, இன்ஜின் தலையை எடுத்து மூடினார்.

ஆகஸ்ட் கண்காட்சி கிரிக்கெட் மைதானத்தில் நடக்கும். எப்போதும்போல மழை தூறியது. எப்போதும்போல எல்லோரும் அதை மழை இல்லை என்று சொன்னார்கள். வண்டிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு பலகை, அதில் வண்டியின் வருடமும், எந்தெந்த வேலை யார் செய்தது என்பதும் எழுதியிருக்கும். நடுவராக வந்தவர் மிஸஸ் ப்ளூமர். பல் டாக்டர் வைத்திருக்கிற மாதிரி ஒரு சின்னக் கண்ணாடியைக் கம்பியில் செருகி, வண்டியின் அடிவயிற்றையெல்லாம் பார்ப்பவர். ஸ்டான்வேயை அவர் வெகுநேரம் பார்த்தார். கடைசியாகப் பலகையைப் படித்தார். "இன்ஜின் வேலை: டெஸ்மண்ட் பார்ஜெட்டர். மற்றவை: உரிமையாளர்" என்று சிரிலின் கையெழுத்தில், கறுப்புப் பெயின்டில் இருந்தது.

"மிஸ்டர் டிரான்டர், இன்ஜினை நீங்க திறந்தே பாக்கலையா?"

"தலையை மட்டும் கழட்டி மாட்டினேன்."

"அப்ப அதை எழுதியிருக்கலாமே. நீங்க சொன்னா நான் ஒத்துக்குவேன். யாரும் கேக்கப்போறதில்லை."

"அது வேலை இல்லம்மா. எட்டிப் பாத்தது."

மிஸஸ் ப்ளூமர் பேனாவை மூடினார். "இதைவிட நல்ல வண்டி இன்னிக்கு இந்த மைதானத்துல இல்ல. உங்களுக்குக் கோப்பை கிடையாது" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார். சிரில் பலகையில் பட்ட தூறலைக் கைக்குட்டையால் துடைத்தார். இது தெரிந்து செய்ததுதான், இருந்தாலும் வலித்தது.

கொஞ்ச நேரத்தில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு கைத்தடி வந்தது. அதன் பின்னால் டெஸ் வந்தார். மகள் காரில் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். கையில் பன்றித்தோல் வறுவல் பொட்டலம். நேராகப் பலகையின் முன்னால் போய் நின்றார். ஒரு முறை படித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தார். மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

"எதுக்குடா வந்தே?" என்றார் சிரில்.

"நீ பொய் எழுதியிருப்பேன்னு பாக்க வந்தேன்" என்றார் டெஸ்.  "வழியெல்லாம் என்ன சொல்லித் திட்டணும்னு யோசிச்சுக்கிட்டே வந்தேன். நல்லா நாலஞ்சு கிடைச்சுது. அத்தனையும் வீணாப்போச்சு."

"உக்காரு. முட்டி வலிக்கும்."

மேவிஸ் மடக்கு நாற்காலியை விரித்துப் போட்டு, பிளாஸ்கைத் திறந்தார். மூவரும் தூறலில் டீ குடித்தார்கள்.

"ஹாலந்துக்கார டாக்டர் போன் பண்ணினார்" என்றார் டெஸ், பொட்டலத்தை சிரில் பக்கம் நீட்டி. "இன்ஜினைத் திறந்து பாத்தாராம். உள்ள ஏதோ கட்டட வேலை மெஷின் சாமான் இருக்காம்."

சிரில் ஒரு வறுவலை எடுத்தார். "அது நல்ல பிஸ்டன்தான்" என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "மன்னிச்சிக்கடா" என்றார்.

"சாக்பீஸுக்கா, பிஸ்டனுக்கா?"

"எல்லாத்துக்கும். கல்லறையில பேசாமப் போனதுக்கும்."

டெஸ் தூரத்து மரங்களைப் பார்த்தார். "பாத்தேன், நீ கடைசியில நின்னதை" என்றார். "தொப்பியைக் கழட்டிட்டு நின்னே. நல்ல மழை அன்னிக்கு."

ஒலிபெருக்கி கரகரத்தது. பில்சன் கோப்பை கிடர்மின்ஸ்டரிலிருந்து வந்த ஒருவருக்கு, 1931-ஆம் வருடத்துப் பச்சை நிற வண்டிக்கு என்று அறிவித்தார்கள். கைதட்டினார்கள். கிழவர்கள் இருவரும் எழுந்து, ஒருவர் கைத்தடியிலும் மற்றவர் அவர் தோளிலுமாக ஊன்றிக்கொண்டு, அந்த வண்டியைப் போய்ச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். அந்தப் பச்சைப் பெயின்ட் 1931-இல் கிடையவே கிடையாது என்றார் டெஸ். சிரில் அதை முழுமனதோடு ஆமோதித்தார்.